இன்னும் இருபது ஆண்டுகளில் நகரத்துக்குள் அன்றாடப் பயணம் எப்படி மாறியிருக்கும்?

பறக்கும் டாக்ஸியும் ஓட்டுநர் இல்லாத காரும் வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டுநர் இல்லாத கார் ஏற்கெனவே ஓடுகிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகர வட்டாரத்தில் 2020 முதலே, ஓட்டுநர் இருக்கை காலியாக இருக்கும் வேமோ நிறுவனத்தின் டாக்ஸியில் பொதுமக்கள் போய்வருகிறார்கள். ஆனால் தினமும் இரண்டு பேருந்து மாறி வேலைக்குப் போகிறவன் நான். என் பயணத்தை அது பெரிதாக மாற்றும் என்று தோன்றவில்லை.

காரை மனிதன் ஓட்டினாலும் கணினி ஓட்டினாலும் அது சாலையில் அடைக்கும் இடம் ஒன்றுதான். நகரச் சாலையின் ஒரு தடத்தில் கார்கள் மட்டும் போனால் ஒரு மணி நேரத்தில் 2,000 பேர் கடப்பதே கடினம். அதே தடத்தைப் பேருந்துக்கென்று ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர் வரை போகலாம். தானியங்கி டாக்ஸியோ ஆளை இறக்கிவிட்டு, அடுத்த ஆள் கிடைக்கும்வரை காலியாகவும் சுற்றும்.

அதனால், நெரிசலான பகுதிக்குள் கார் கொண்டுவரக் கட்டணம் வாங்குவது பரவும் என்று நம்புகிறேன். சிங்கப்பூர் இதை 1975இலேயே தொடங்கிவிட்டது. கார்க் கண்ணாடியில் வைத்த காகித அனுமதிச் சீட்டை, வழியில் நின்ற ஊழியர்கள் கண்ணால் பார்த்தே சரிபார்த்தார்கள். லண்டனுக்கு அது 2003இல்தான் வந்தது, நியூயார்க்குக்கு 2025 ஜனவரியில். காகிதத்தை வைத்தே செய்ய முடிந்ததற்கு ஐம்பது ஆண்டு தயக்கம்!

மின்சாரப் பேருந்து பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீனாவின் ஷென்ஜென் நகரம் 2017 முடிவதற்குள் தன் 16,000 சொச்சம் பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. மற்ற நகரங்களும் மாறும். புகையும் இரைச்சலும் குறையும்.

எனக்கு இதில் உண்மையான அக்கறை வேறு இடத்தில். என் அப்பாவுக்கு 72 வயது, மூட்டுவலி. கார் ஓட்டுவதை விட்டுவிட்டார். பேருந்து வேண்டிய அளவு வருகிறது, அதுவும் தாழ்தளப் பேருந்து. படி ஏறும் சிரமம் இல்லை. அப்படியும் அவர் தனியாக வெளியே போவதில்லை. நிறுத்தம் சாலைக்கு எதிர்ப்புறம் இருப்பதுதான் காரணம். பாதிச் சாலை தாண்டுவதற்குள் விளக்கு மாறிவிடுகிறது. பாதசாரி நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டு பச்சை விளக்கின் நேரத்தைக் கணக்கிடுவது பல நாடுகளில் வழக்கம். அப்பாவால் அந்த வேகத்தில் நடக்க முடியாது. உலகெங்கும் முதியவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, அவர் மாதிரி எத்தனை பேர் வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள்!

இதற்கும் சிங்கப்பூர் 2009இலேயே ஒரு வழி செய்தது. பல சாலைச் சந்திப்புகளில், முதியவர் தன் பயண அட்டையைக் கம்பத்தில் உள்ள கருவியில் தொட்டால், நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு 3 முதல் 13 நொடி வரை கூடுதலாக எரியும். பறக்கும் டாக்ஸிக்கு முன்னால் எல்லா நகரங்களுக்கும் இது வந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பதிமூணு நொடியா? தாராளமாப் போயிடுவேன்" என்றார்.