ஜெய்சல்மேரில் ஒரு நாள்: தேவகோட்டை நண்பருக்குப் பதில்

வணக்கம். சென்ற முறை ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் அருகே உள்ள சாம் மணல்மேடுகளில் நண்பகலில் எடுத்த படங்கள் சாம்பல் பூத்துத் தட்டையாக வந்தன என்றும், வரும் டிசம்பரில் ஒரே நாள்தான் கிடைக்கும் என்றும் எழுதியிருந்தீர்கள்.

கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பலாகவே கணக்கிடுவதால், வெளிர் மணலைக் கண்டதும் ஒளியைக் குறைத்துவிடும். ஹிஸ்டோகிராம் (படத்தின் இருள்-ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாதவாறு பார்த்துக்கொண்டு, எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) ஒரு ஸ்டாப் வரை, அதாவது இரு மடங்கு வரை, கூட்டுங்கள். ஆனால் தட்டையான தோற்றத்துக்குக் காரணம் உச்சி வெயில். வெயில் தாழ்ந்து பக்கவாட்டில் விழும்போதுதான் மணலின் ஒவ்வோர் அலைவரியும் ஒரு புறம் பொன்னிறமாகவும் மறுபுறம் நீலம் படர்ந்த நிழலாகவும் பிரிந்து நிற்கும்.

மாலையில் கூட்டமும் காலடித் தடங்களும் மிகுதி என்பதால், விடியற்காலையையே நான் வலியுறுத்துவேன். டிசம்பரில் அங்கே நம் ஊரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதமாக, 7.20 மணியளவில்தான் சூரியன் உதிக்கும். சாம், ஜெய்சல்மேர் நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் இருப்பதால், முந்தைய இரவை மணல்மேடுகளின் அருகிலேயே கழிப்பது நல்லது. படமெடுக்க நினைக்கும் முகட்டின் மீது தயவுசெய்து முதலில் நடந்துவிடாதீர்கள்.

நண்பகலை நகரத்து ஹவேலிகளுக்கு (பழைய வணிகர் மாளிகைகளுக்கு) ஒதுக்குங்கள். நம் செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்தில் ஒளி சுவரில் பட்டு மென்மையாகத் திரும்புவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பட்வா ஹவேலியின் மஞ்சள் கல் முற்றம் அந்நியமாக இராது.

மணலில் லென்ஸ் மாற்றவே வேண்டாம். கண்ணாடியில் படிந்த துகளைத் துணியால் துடைக்காமல், முதலில் ப்ளோயரால் (காற்றூதும் ரப்பர் குமிழால்) ஊதிவிடுங்கள்.