வெங்காயத்துக்கு எவ்வளவு யூரியா என்று எப்படி முடிவெடுக்கிறீர்கள்?

யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதியின் செம்மண்ணில் வெங்காயம் வைக்கிறவன் என்ற முறையில் எங்கள் பக்கத்து நடைமுறையைச் சொல்கிறேன்.

விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசு இருக்கிறது. கேட்டால் விவசாயப் போதனாசிரியர் எழுதித் தருவார். ஆனால் அது ஹெக்டேயர் கணக்கு, எங்களுடையது பரப்புக் கணக்கு. 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு ஹெக்டேயருக்கு ஏறக்குறைய 40 பரப்பு வரும். சிபாரிசில் 100 கிலோ என்றிருந்தால் பரப்புக்கு இரண்டரைக் கிலோதான். அவ்வளவு கொஞ்சமாக எறிய லேசில் யாருக்கும் கை வராது.

உண்மையில் முடிவெடுப்பது கண்ணும் பயமும்தான். "தம்பி, தாள் வெளிறிப் போச்சு, கொஞ்சம் யூரியா எறியன்" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தால் போதும். பாத்தியில் தண்ணீர் தேங்கினாலும் தாள் வெளிறும், அதை யார் பார்க்கிறார்கள்! யூரியா கூடினால் தாள் கரும்பச்சையாகச் செழிக்கும், பார்க்கச் சந்தோஷம். ஆனால் கழுத்து தடித்துவிடும், சரியாகக் காயாது, பிடி கட்டித் தொங்கவிட்ட பிறகு அழுகத் தொடங்கும். விலை ஏறும்வரை வைத்திருக்க நினைத்தவனுக்கு அதுதான் பெரிய நட்டம். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோதுதான் பலர் பூவரசங்குழையையும் எருவையும் திரும்ப நினைத்தார்கள். யூரியா திரும்பக் கிடைத்ததும் பழைய கைதான்.

எங்கள் ஊருக்கே உரிய இன்னொரு விஷயம், கிணறு. இங்கே ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இல்லை. எறிந்த யூரியாவில் ஒரு பங்கு, நைதரசன் அடங்கிய நைத்திரேற்று என்ற உப்பாகி, சுண்ணக்கல் வழியே இறங்கிக் கிணற்றுக்கே வருகிறது. அதைத்தான் திரும்ப இறைக்கிறோம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. வலிகாமத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் உண்டு. சரியாக 50 உள்ள தண்ணீரை ஒரு போகத்துக்கு 300 மில்லிமீற்றர் அளவில் இறைத்தால், பரப்புக்கு ஏறக்குறைய 76,000 லீற்றர். அதில் இருக்கும் நைதரசன் கிட்டத்தட்ட 850 கிராம், அதாவது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைந்த யூரியா. வேருக்குக் கீழே இறங்கிப் போவது போக மிச்சம் பயிருக்குத்தான். மேலே சொன்ன இரண்டரைக் கிலோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆகவே கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை பரிசோதித்துவிட்டு, கழிக்க வேண்டியதை மேற்கட்டுப் பசளையில் (பயிர் வளரும்போது இடுவது) கழியுங்கள். தண்ணீரோடு வருவது போகம் முழுக்கச் சிறிது சிறிதாக வருவதால், நடும்போது இடும் அடிக்கட்டுப் பசளையில் கை வைக்க வேண்டாம்.