தூக்கிவிடுதல்

அன்புள்ள ஐயா,

நான் சென்னையில் ஒரு வங்கியில் பணிபுரிகிறேன். விடுமுறைக்குத் தேவகோட்டைக்கு வந்திருந்தபோது காரைக்குடிச் சந்தைக்குப் போயிருந்தேன். வாசலில் ஒரு மூதாட்டி கத்தரிக்காய்க் கூடையைத் தரையில் வைத்துக்கொண்டு நின்றார். ‘தம்பி, செத்த தூக்கி விடுய்யா’ என்றார். தூக்கி அவர் தலையில் வைத்தேன். அன்று முழுவதும் எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அவரோ ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். நன்றியை எதிர்பார்த்து நான் அதைச் செய்யவில்லை. ஆனாலும் ஒரு புன்னகையாவது இருந்திருக்கலாம் என்று தோன்றியது. வெளிநாடுகளில் கதவைத் திறந்து பிடித்தால்கூட நன்றி சொல்கிறார்கள். வழிப்போக்கருக்குத் திண்ணை கட்டிவைத்த செட்டிநாட்டில் அந்த மனம் எங்கே போனது? இத்தகைய உதவிகளைக் காணொளியாக எடுத்துப் பகிர்ந்தால் இளைஞர்களுக்குத் தூண்டுதலாக இருக்கும் என்கிறார்கள் நண்பர்கள். தங்கள் கருத்து என்ன?

ரா., தேவகோட்டை

அன்புள்ள ரா.,

நன்றியை எதிர்பார்க்கவில்லை என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகு கடிதம் முழுவதும் நன்றியைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். பரவாயில்லை, கடிதங்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. வேறொரு சமயமாக இருந்தால் இதற்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் சென்ற மாதம் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, சாலையை அகலப்படுத்துவதற்காக அங்கிருந்த சுமைதாங்கிக் கல்லைப் பெயர்த்து ஓரமாகக் கிடத்தியிருந்ததைப் பார்த்தேன். அன்று முதல் மனம் தலைச்சுமையையே சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்நேரம் பார்த்து உங்கள் கூடை வந்து சேர்ந்தது.

காணொளிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். சுமையைத் தூக்கிவிட இரண்டு கைகள் வேண்டும். கைப்பேசியைப் பிடிக்க மூன்றாவது கை உள்ளவர் எடுத்துக்கொள்ளட்டும்.

உங்களுக்குத் தலைச்சுமை தெரியாது. அது உங்கள் குற்றமன்று. ஆனால் தெரியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்பு எழுதியது உங்கள் குற்றந்தான். ஒரு பெண் தன் எடையில் பாதிக்கு மேல் கனக்கும் விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நான்கு மைல் நடந்துவிடுவாள். அதே கட்டைத் தரையிலிருந்து தன் தலைக்கு அவளால் தனியாக ஏற்றிக்கொள்ள முடியாது. நடப்பதற்கு அவளுடைய கழுத்தும் முதுகுத்தண்டும் போதும். ஏற்றுவதற்கு இன்னொருவர் வேண்டும். சேலையையோ துண்டையோ சுருட்டிச் சும்மாடு கூட்டித் தலையில் வைத்துக்கொண்டு, இருவரும் எதிரெதிராக நின்று, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, முதலில் இடுப்பு வரைக்கும் பிறகு மார்பு வரைக்கும் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகு அவள் முழங்காலைச் சற்றுத் தாழ்த்தித் தலையை உள்ளே கொடுப்பாள். அந்த இடத்தில்தான் தூக்கிவிடுபவரின் வேலை தொடங்குகிறது. சுமையின் நடு எது என்பதை அவளுடைய கழுத்து தேடிக் கண்டுபிடிக்கும் வரை, எடையில் ஒரு பங்கை அவர் தம் கையிலேயே வைத்துக்கொண்டிருக்க வேண்டும். கண்டுபிடித்ததும் அவள் ‘ம்’ என்பாள். அதற்கு ஒரு கணம் முன்னால் கையை எடுத்தாலும் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். அந்த நோவோடு அடுத்த நாளும் சுமக்க வேண்டியவள் அவள்தான்.

அந்த ‘ம்’ சொன்ன பிறகு அவளால் தலையைத் திருப்ப முடியாது, தாழ்த்த முடியாது, ஆட்டவும் முடியாது. மூச்சு முழுவதும் நெஞ்சுக்குத் தேவைப்படுவதால் பேச்சுக்கு மிச்சமிருக்காது. சுமையோடு நின்றுகொண்டிருப்பது நடப்பதைவிடக் கடினம் என்பதால் முதல் பத்தடியை விரைந்து வைத்தாக வேண்டும். ‘திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்’ என்று எழுதுகிறீர்கள். திரும்பியிருந்தால் கத்தரிக்காய் சந்தை வாசலெங்கும் உருண்டிருக்கும், நீங்கள் பொறுக்கிக்கொண்டிருந்திருப்பீர்கள்.

நன்றி என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். குறளில் அது செய்த நன்மையைக் குறிக்கிறது. நன்மையைப் பெற்றவர் பதிலுக்கு உதிர்க்கும் சொல்லை அன்று. எங்கள் பக்கத்துப் பெண்கள் மனம் நிறைந்தால் ‘நல்லாயிருய்யா’ என்பார்கள், அதுவும் சுமையை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிய பிறகு. அந்த மூதாட்டி வீட்டு வாசலில் கூடையை இறக்கியதும் உங்களை அப்படி வாழ்த்தியிருக்கலாம். அது உங்கள் காதில் விழ வேண்டும் என்று என்ன கட்டாயம்?

திண்ணைக்கு வருகிறேன். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வீடுகளின் திண்ணைகளைப் புகைப்படத்தில் பார்த்துவிட்டு உருகுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். பர்மாத் தேக்கில் நிறுத்திய தூண்களும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவ்வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. விறகு சுமந்து விற்ற என் தாயார் முகப்புப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை. அடுப்படிக்கு விறகு போகும் வழி பின்வாசல்தான். எந்தத் திண்ணையிலும் அவள் உட்கார்ந்ததில்லை, உட்கார் என்று யாரும் சொன்னதுமில்லை. பெரும்பாலான வீடுகளில் கட்டைத் தலையிலிருந்து தொப்பென்று தரையில் போட்டுவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு வீட்டில் மட்டும், வயதான ஓர் ஆச்சி, ‘இப்படிப் போட்டா கழுத்து என்னத்துக்கு ஆகும், கூறு கெட்டவளே’ என்று வைதுகொண்டே எழுந்து வந்து ஒரு பக்கத்தைத் தாமே தாங்கி இறக்குவார். அந்த வசவைக் கேட்பதற்காகவே அம்மா அந்த வீட்டுக்குக் காலணா குறைத்து விற்றாளோ என்று இப்போது எனக்குச் சந்தேகம் வருகிறது. வழியில், சுமையைத் தொட்டால் சுமப்பவளின் சாதி ஒட்டிக்கொள்ளும் என்று ஒதுங்கிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்தக் காலத்து மனம் எங்கே போனது என்று என்னிடம் கேட்காதீர்கள். அது எங்கெங்கே இருந்தது, எங்கெங்கே இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும்.

இதனால்தான் அந்தச் சுமைதாங்கிக் கல்லின்மேல் எனக்கு இவ்வளவு மரியாதை. நட்டுவைத்த இரண்டு கற்கள், குறுக்கே ஒரு பலகைக்கல், அவ்வளவுதான். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணுக்காக, இறக்கி வைக்க முடியாமற்போன அவளுடைய சுமையை நினைத்து, அந்நாளில் அவள் வீட்டார் வழியில் நட்டு வைத்தது. தனியாக வருகிறவள் கட்டைத் தலையிலிருந்து அப்படியே அதன்மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம். பிறகு யாருடைய கையும் இல்லாமல் மறுபடி தலைக்கு நகர்த்திக்கொள்ளலாம். வராத ஆளின் வேலையை அது செய்கிறது, நீ யார் என்று கேட்பதுமில்லை. எங்கள் ஊரிலிருந்து பள்ளத்தூருக்குப் போகும் பாதையில் அம்மா அந்தக் கல்லைத் தவிர வேறெங்கும் சுமையை இறக்க மாட்டாள். இறக்கினால் ஏற்றிவிட ஆள் வருமோ வராதோ என்ற அச்சம்.

எனக்கு ஏழோ எட்டோ வயதிருக்கும்போது ஒரு மாலை, கல்லைத் தாண்டி வெகுதூரம் வந்த பிறகு கட்டியிருந்த கயிறு அறுந்து விறகு செம்மண்ணில் சிதறிவிட்டது. பொறுக்கி அடுக்கி, கயிற்றை முடிந்து, மறுபடி கட்டினோம். பிறகு நின்றோம். இரண்டு பக்கமும் பொட்டல், தொலைவில் பனைகள். நான் கட்டின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். என் முழங்காலுக்கு மேல் அது வரவில்லை. ஒரு மாட்டுவண்டி போயிற்று, வண்டிக்காரர் உறங்கிக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் பாதையின் மறு ஓரத்துக்கு மாறி நடந்து போனார். அம்மா எவரையும் கூப்பிடவில்லை. கூப்பிடலாமா கூடாதா என்பதை அவள் ஆளைப் பார்த்தே முடிவு செய்வாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

இருட்டுகிற நேரத்தில் ஒருவர் சைக்கிளில் வந்தார். பின்னால் ஒரு மூட்டை கட்டியிருந்ததால் சைக்கிளை நிறுத்த முடியாமல், அதைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு பனைமரத்தில் சாய்த்துவிட்டு வந்தார். அம்மா சும்மாடு கூட்டினாள். அவர் ஒரு பக்கத்தைப் பிடிக்கக் குனிந்தவர், என்னைப் பார்த்து, ‘டேய், நீ நடுவுல பிடிடா, உன் பக்கம் சாயாமப் பாத்துக்க’ என்றார். நானும் பிடித்தேன். கட்டு மேலே போகப் போக என் கைக்கு எட்டாமல், கடைசியில் விரல் நுனிதான் அதைத் தொட்டுக்கொண்டிருந்தது. எடை எதுவும் என் கையில் இல்லை என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ‘ம்’ என்றாள் அம்மா. விரைந்து நடந்தாள். என் தலையில் சுமை இல்லாததால் நான் திரும்பிப் பார்த்தேன். பனைமரத்தடியில் யாரும் இல்லை, அவரும் நிற்கவில்லை. முகத்தை இருட்டில் நான் பார்க்கவேயில்லை. அன்று இரவு அம்மா அப்பத்தாவிடம், ‘இன்னைக்கு உங்க பேரன்தான் தூக்கிவிட்டான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

உங்கள் முதுகைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இடுப்பை வளைத்துத் தூக்கியிருக்கிறீர்கள். முழங்காலை மடக்கிக் குந்தி, கூடையை உடம்போடு ஒட்டப் பிடித்து எழ வேண்டும். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும். ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. அவர் ‘ம்’ சொன்ன பிறகு கையை எடுத்தீர்களா, அதற்கு முன்பா என்று நீங்கள் எழுதவில்லையே.