வீட்டுக் காப்பீட்டில் கட்டடத்துக்கு எவ்வளவு தொகை போட வேண்டும்? மனை விலையையும் சேர்க்க வேண்டுமா?

மனையை விட்டுவிடுங்கள். வீடு இடிந்தாலும் மனை அங்கேயேதான் கிடக்கும். எங்கள் களியக்காவிளை பக்கம் ரோட்டோரம் என்றால் செண்டுக்கு லட்சக்கணக்கில் பேசுவார்கள். அதையும் சேர்த்துப் பெரிய தொகைக்கு எடுத்தாலும் கிடைப்பது வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு மட்டும்தான். கூடுதல் பிரீமியம் வீண்.

நான் செய்த தப்பு இதற்கு நேர்மாறு. வீட்டுக் கடன் வாங்கியபோது, கடன் எவ்வளவோ அவ்வளவுக்கு, அதாவது 10 லட்சத்துக்கு, பாலிசி போட்டுக் கொடுத்தார்கள். நானும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். பக்கத்து விளையில் நின்ற அயனி மரம் அடுக்களைக்கு மேலே சாய்ந்தது. ஓடு போனது போக, கூரையைத் தாங்கும் கழுக்கோல் முறிந்து சுவரும் பிளந்துவிட்டது. சரிசெய்ய 2 லட்சம். நஷ்டத்தை மதிப்பிட காப்பீட்டுக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் டேப் பிடித்து அளந்துவிட்டு, "இதைத் திரும்பக் கட்ட 20 லட்சம் ஆகும் சார், நீங்க பாதிக்குத்தானே எடுத்திருக்கீங்க" என்றார். அதனால் நஷ்டத்திலும் பாதிதான். மரத்தை வெட்டி அகற்றிய கூலிக்கே அதில் ஒரு பங்கு போனது.

இப்போது அந்தப் பாதிக் கணக்கு இல்லை. 2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான பாலிசி நடப்பில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலையில் எடுத்தாலும் விதி ஒன்றுதான். போட்ட தொகை குறைவு என்பதற்காக நஷ்டத்தை விகிதம் போட்டுக் குறைக்க மாட்டார்கள். ஆனால் வீடு முழுதாகப் போனால் போட்ட தொகைக்கு மேல் வராது. ஆகவே கணக்கைச் சரியாகப் போடுங்கள்: கார்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்கு உள்ளே இருக்கும் தரைப் பரப்பை, சதுர அடிக்கு இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். 1,000 சதுர அடி, அடிக்கு 2,000 ரூபாய் என்றால் 20 லட்சம். காம்பவுண்டு சுவர், சரிவில் கட்டிய தடுப்புச்சுவர், தண்ணீர்த் தொட்டி, சோலார் தகடு இவற்றைத் தனியே கூட்டுங்கள். நம் ஊர் மேடுபள்ளத்தில் தடுப்புச்சுவரே சில லட்சம் விழுங்கும்.

வெள்ளம், புயல், மண்சரிவு, நிலநடுக்கம், மரம் விழுவது எல்லாம் இதில் அடக்கம். புதுக் கட்டடம் அமர்ந்து விழும் விரிசலுக்கும், மோசமாகக் கட்டியதால் வரும் சேதத்துக்கும் கிடைக்காது. வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தானாகவே சேரும்.

அடி விலைக்குப் பத்திர ஆபீஸ் மதிப்பைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் கொத்தனாரிடம் கேளுங்கள்.