இன்ஸ்பயர் மானக் விருது என்றால் என்ன? யோசனைக்கு ஏன் பணம் தருகிறார்கள்?

6-ம் வகுப்பு முதல் மேலே படிக்கும் மாணவர்களின் சொந்தக் கண்டுபிடிப்பு யோசனைகளுக்கு, மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை தரும் ஊக்கம் இது. பள்ளி வழியாகத்தான் இணையத்தில் பதிய வேண்டும். தேர்வானால் மாணவரின் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய் வரும். அதில் மாதிரி செய்து மாவட்டக் கண்காட்சியில் வைக்கலாம். அடுத்து மாநிலம், பிறகு தேசியம்.

முன்கூட்டியே பணம் தருவதற்குக் காரணம் உண்டு. செய்த பொருளுக்கு மட்டும் பரிசு என்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே முந்துவார்கள். விதைப்புக்கு முன்பே விவசாயிக்குப் பயிர்க்கடன் கொடுப்பது போலத்தான் இதுவும். ஆனால் இதைத் திருப்பிக் கட்ட வேண்டாம்!

ஆசிரியர்களே, தலைப்பை நீங்கள் கொடுத்துவிடாதீர்கள். அம்மா தினமும் சிரமப்படும் ஒரு வேலையைக் கவனித்து எழுதச் சொல்லுங்கள். நல்ல யோசனைகள் அங்கேதான் கிடைக்கின்றன.

விண்ணப்பிக்கும்போதே மாதிரி தயாராக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள்; அது தேவையில்லை. தெளிவாக எழுதிய யோசனை போதும்.