வாசகர் கேள்வி–பதில்: பெருநகர் வழியே ஆர்.வி. பயணமும் கழிவுநீர்த் தொட்டியும்

கேள்வி (சான் ஹோசேயிலிருந்து ஒரு வாசகி): கோடை விடுமுறையில் நானும் கணவரும் இரு பிள்ளைகளும் படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ள ஆர்.வி. வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குச் சென்று, அங்கிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வழியாகச் சான் டியேகோ வரை போக எண்ணியிருக்கிறோம். லாஸ் ஏஞ்சலிஸில் இரண்டு இரவுகள் உறவினர் வீட்டருகே வண்டியை நிறுத்தி அதிலேயே தங்குவதாக இருக்கிறோம். கழிப்பறைத் தொட்டி நிறைந்துவிட்டால் நகருக்குள் எங்கே காலி செய்வது?

பதில்: நகருக்குள் தேட வேண்டிய நிலை வராதபடி பயணத்தை வகுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் பதில். கழிவுநீரை இறக்கும் இடத்தை, அதாவது டம்ப் ஸ்டேஷனை, அமைப்பதற்குப் பெரிய வண்டிகள் வந்து திரும்ப அகலமான இடம் வேண்டும். பாதாளச் சாக்கடை இணைப்பும் கழுவிவிடத் தண்ணீரும் வேண்டும். வாடையைப் பொறுத்துக்கொள்ளும் அக்கம்பக்கமும் வேண்டும். மனை விலை உச்சத்தில் இருக்கும் நகர மையத்தில் இவை ஒன்றாக அமைவது அரிது. ஆகவே, அவை முகாம் மைதானங்களிலும், ஆர்.வி. பூங்காக்களிலும், நெடுஞ்சாலையோர லாரி நிலையங்களிலும், சிற்றூர்களில் சில வேளைகளில் நகராட்சிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலிலும் இருக்கின்றன. நகருக்குள் நுழையும் முன் ஒருமுறை, வெளியேறிய பின் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் இடையிலுள்ள நாட்களைத் தொட்டி தாங்குமா என்பது மட்டுமே கேள்வியாக எஞ்சும். அதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நால்வர் தங்கும் வாடகை வண்டியில் கழிப்பறைக் கழிவு சேரும் தொட்டி, அதாவது பிளாக் வாட்டர் டேங்க், பெரும்பாலும் 30 கேலன், ஏறத்தாழ 114 லிட்டர் கொள்ளும். ஒரு முறை கழிப்பறையைப் பயன்படுத்த 2 லிட்டர் ஆகும் என்றும், ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து முறை பயன்படுத்துவார் என்றும் வைத்துக்கொண்டால், நால்வருக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர் ஆகிறது. நீரால் கழுவிக்கொள்ளும் நம் வழக்கத்தையும் சேர்த்தால் தொட்டி இரண்டரை நாளில் நிறையக்கூடும். அந்த நீர் வீணாவதில்லை. திடக்கழிவு கரைந்து சுலபமாக வெளியேற அதுவே உதவுகிறது என்பதால் அதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். உண்மையில் முதலில் நிறைவது குளியல் நீரும் பாத்திரம் கழுவிய நீரும் சேரும் கிரே வாட்டர் டேங்க்தான். ஷவரை ஐந்து நிமிடம் திறந்துவிட்டாலே 30 லிட்டருக்கு மேல் போய்விடும். நால்வரும் அப்படிக் குளித்தால் ஒரே நாளில் தொட்டி நிறைந்துவிடும். உறவினர் வீட்டில் குளித்து, பாத்திரங்களையும் அங்கேயே கழுவிக்கொண்டால், காலியான தொட்டிகளுடன் நகருக்குள் வரும் வண்டி இரண்டு இரவுகளைத் தாராளமாகத் தாங்கும்.

இனி, உங்கள் வழித்தடம். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் அப்பர் பைன்ஸ் முகாமுக்கு அருகில் உள்ள டம்ப் ஸ்டேஷன் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். வவோனாவிலும் துவாலமி மெடோஸிலும் உள்ளவை பருவகாலத்துக்கு உரியவை. பள்ளத்தாக்கை விட்டுக் கிளம்பும் காலையில் அங்கேயே இரண்டு தொட்டிகளையும் காலி செய்துவிடுங்கள். பின்னர் 41ஆம் எண் சாலையில் ஃபிரெஸ்னோவுக்கு இறங்கி, 99ஆம் எண் சாலையில் பேக்கர்ஸ்ஃபீல்டைக் கடந்து, ஐ-5 நெடுஞ்சாலையில் டெஹோன் கணவாயை ஏறிக் கடந்துதான் லாஸ் ஏஞ்சலிஸுக்குள் இறங்க வேண்டும். வழியில் ஓர் இரவு தங்குவதாக இருந்தால் பேக்கர்ஸ்ஃபீல்டைச் சுற்றியுள்ள ஆர்.வி. பூங்காக்களில் ஒன்றில் தங்கி, மறுநாள் மலையேறும் முன் மீண்டும் காலி செய்துகொள்வது நல்லது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை; இரண்டு தொட்டிகளும் நிறைந்திருந்தால் இருநூறு கிலோவுக்கு மேல் கழிவுநீரைச் சுமந்துகொண்டு அந்த ஏற்றத்தில் ஏற வேண்டியிருக்கும்.

கணவாயின் மேல் லெபெக் என்னும் ஊரில் ஃபிளையிங் ஜே நிலையம் ஒன்று இருக்கிறது. பைலட், ஃபிளையிங் ஜே, லவ்ஸ் ஆகிய நிறுவனங்களின் லாரி நிலையங்கள் பலவற்றில் டம்ப் ஸ்டேஷன் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. எந்தக் கிளையில் இருக்கிறது என்பதை அவர்களுடைய செயலியிலேயே பார்த்துக்கொள்ளலாம். மலையிறங்கியதும் கஸ்டேக் பகுதியில் வலென்சியா டிராவல் வில்லேஜ் என்னும் ஆர்.வி. பூங்கா வருகிறது. நகரின் வடக்கு வாசல் என்று அதைச் சொல்லலாம்.

நகருக்குள்ளேயே ஓர் இடம் வேண்டுமென்றால், எனக்கு நினைவுக்கு வருவது விமான நிலையத்துக்கு மேற்கே, கடற்கரையை ஒட்டி, லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி நடத்தும் டாக்வைலர் ஆர்.வி. பூங்கா. அங்கே டம்ப் ஸ்டேஷன் உண்டு. ஆனால், தங்காதவர்களை அன்றைக்கு அனுமதிக்கிறார்களா, எந்த நேரத்தில், என்ன கட்டணத்தில் என்பவற்றைத் தொலைபேசியில் கேட்ட பிறகே வண்டியை அந்தப் பக்கம் திருப்புங்கள். பூங்காவுக்கு எதிரே சாலைக்கு அப்பால் நிற்பது நகரின் மிகப் பெரிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமான ஹைப்பீரியன். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வீடுகளிலிருந்தும் வண்டிகளிலிருந்தும் இறங்கும் கழிவு எங்கே போய்ச் சேர்கிறது என்பதை அவர்கள் நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

வண்டியை நிறுத்துவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 22 அடிக்கு மேல் நீளமோ 7 அடிக்கு மேல் உயரமோ கொண்ட வண்டிகள் அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை நிற்கக் கூடாது என்று அறிவிப்புப் பலகை வைக்கப்பட்ட தெருக்கள் லாஸ் ஏஞ்சலிஸில் ஏராளம். உறவினரிடம் அவர்களுடைய தெருப் பலகையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

சான் டியேகோவை நோக்கிப் போகும்போது, சவுத் கார்ல்ஸ்பாட் போன்ற மாநிலக் கடற்கரை முகாம்களில் டம்ப் ஸ்டேஷன் இருக்கிறது; நகரை அடைந்த பின் சூலா விஸ்டாவில் கே.ஓ.ஏ. (கேம்ப்கிரவுண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா) முகாம் உண்டு. 1962இல் மான்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் தொடங்கிய இந்த நிறுவனத்தின் முகாம்கள் அமெரிக்காவெங்கும் பரவியிருக்கின்றன. அங்கே தங்காதவர்களுக்கும் பல முகாம்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காலி செய்ய இடம் தருகின்றன. கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். பெரும்பாலும் 10 டாலருக்கும் 25 டாலருக்கும் இடைப்பட்ட தொகையை எதிர்பார்க்கலாம். வால்மார்ட் போன்ற கடைகளின் வாகன நிறுத்துமிடங்களில் இரவு தங்க விடுகிறார்கள் என்பதால் கழிவையும் அங்கே இறக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த வசதி அங்கே இல்லை.

சானிடம்ப்ஸ், ஆல்ஸ்டேஸ், கேம்பென்டியம் ஆகிய இணையதளங்களில் ஊர் வாரியாக டம்ப் ஸ்டேஷன்களைத் தேடலாம். அவற்றில் கடைசியாகக் கருத்து எழுதப்பட்ட தேதியைக் கட்டாயம் பாருங்கள். மூடப்பட்ட இடங்கள் ஆண்டுக்கணக்கில் பட்டியலில் நீடிப்பதுண்டு. மாநிலத்துக்கு மாநிலம் நிலைமையும் வேறுபடும். வாஷிங்டன் மாநிலத்தில் ஆர்.வி. பதிவின்போது வசூலிக்கும் 3 டாலரைக் கொண்டு நெடுஞ்சாலை ஓய்வுத் தலங்கள் சிலவற்றில் டம்ப் ஸ்டேஷன்களைப் பராமரிக்கிறார்கள். எல்லா மாநிலங்களும் பின்பற்ற வேண்டிய ஏற்பாடு இது என்பது என் உறுதியான எண்ணம். கலிபோர்னியாவின் ஓய்வுத் தலங்களை அப்படி நம்பிப் போகாதீர்கள்.

கேள்வி (பர்பாங்கிலிருந்து ஒரு வாசகர்): கழிப்பறைக் கழிவை விடுங்கள், வெறும் குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் சாலையோர வடிகாலில் விட்டால் என்ன கெட்டுவிடும்? மழைநீரோடு அதுவும் போகட்டுமே?

பதில்: மழைநீர் போகும் இடத்துக்கே அதுவும் போகும் என்பதுதான் தொல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் தனித்தனி வலைப்பின்னல்கள். வீட்டுக் கழிவு ஹைப்பீரியன் போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகிறது. தெருவோரத்து இரும்புக் கம்பி வடிகாலில் விழுவதோ பலோனா ஓடை வழியாகவும் லாஸ் ஏஞ்சலிஸ் ஆற்றின் வழியாகவும் சுத்திகரிக்கப்படாமலே கடலில் கலக்கிறது. பாத்திரம் கழுவிய நீரில் எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் உணவுத் துகளும், குளித்த நீரில் உடலிலிருந்து வந்த கிருமிகளும் இருக்கின்றன. மறுநாள் அதே கடற்கரையில்தான் நம் பிள்ளைகள் அலையில் இறங்கி விளையாடுகிறார்கள்.

சான் பிரான்சிஸ்கோவின் பெரும்பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் சேர்ந்து சுத்திகரிப்புக்குப் போவது உண்மை. அதைக் காரணம் காட்டி அங்கே தெருவில் திறந்துவிடுவோரும் இருக்கிறார்கள். பலத்த மழையில் அந்தக் குழாய்கள் நிரம்பி வழியும்போது கலப்பு நீர் கடலிலும் விரிகுடாவிலும்தான் விழுகிறது. எனவே, அங்கும் அது சரியாகாது. கூட்டரசின் தூய நீர்ச் சட்டம் 1972இல் வந்தது. அதன் வழியே நகரங்கள் தத்தம் வடிகால்களைக் காக்கும் பொறுப்பை ஏற்றிருக்கின்றன. வடிகாலில் கழிவுநீரை விடுவது தண்டனைக்குரிய குற்றம். தேசியப் பூங்காக்களிலும் பாத்திரம் கழுவிய நீரைக்கூடத் தரையில் கொட்ட அனுமதி இல்லை.

கேள்வி (ஹூஸ்டனிலிருந்து ஒரு வாசகர்): தொட்டியைக் காலி செய்யும் முறையை ஒழுங்காகச் சொல்லித் தருவீர்களா? வண்டியை ஒப்படைத்தவர் இரண்டே நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டார், பாதிதான் புரிந்தது.

பதில்: கழிவு வெளியேறும் வாய் பெரும்பாலான வண்டிகளில் ஓட்டுநர் பக்கம், அதாவது இடப்புறம், கீழே இருக்கும். தரையிலுள்ள குழி உங்கள் இடப்புறம் வரும்படி வண்டியை நிறுத்துங்கள். கையுறை அணிந்துகொண்டு, இரண்டு வால்வுகளும் மூடியிருப்பதை உறுதி செய்த பிறகே மூடியைத் திருகிக் கழற்றுங்கள். 3 அங்குலக் குழாயின் ஒரு முனையை வண்டியில் பூட்டி, மறு முனையைக் குழியில் நன்றாக இறக்கி, அது துள்ளி வெளியே வராதபடி ஒரு கல்லையோ குழியின் மூடியையோ அதன்மேல் வையுங்கள். முதலில் பிளாக் வாட்டர் வால்வைத் திறக்க வேண்டும். பாயும் ஓசை முற்றிலும் அடங்கிய பின் அதை மூடிவிட்டு, கிரே வாட்டர் வால்வைத் திறந்தால், சோப்பு கலந்த அந்த நீரே குழாயைக் கழுவிக்கொண்டு போகும். இந்த வரிசையை மாற்றக் கூடாது. முடிந்ததும் வண்டிப் பக்கத்து முனையை முதலில் கழற்றி உயர்த்திப் பிடித்து, மிச்சத்தைக் குழிக்குள் வடித்துவிடுங்கள். சிந்தியதை அங்குள்ள குழாய் நீரால் கழுவிவிடுவது, பின்னால் காத்திருப்பவருக்கு நீங்கள் செய்யும் மரியாதை. பிறகு, கழிப்பறை வழியே இரண்டு மூன்று கேலன் நீரை ஊற்றி, வாடையை அடக்கும் தொட்டி மருந்தைச் சேருங்கள். அடித்தளத்தில் நீர் இல்லாமல் போனால் கழிவு காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு விஷயங்களை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். டம்ப் ஸ்டேஷனில் குழியருகே இருக்கும் குழாய் கழுவுவதற்கு மட்டுமே. குடிநீர்த் தொட்டியை நிரப்பும் குழாயை அதில் செருகவே செருகாதீர்கள். குடிநீர் என்று எழுதப்பட்ட குழாய் தனியே, சற்றுத் தள்ளி இருக்கும். அடுத்து, முகாமில் சாக்கடை இணைப்பு கிடைத்தாலும் பிளாக் வாட்டர் வால்வைத் திறந்தே வைத்திருக்காதீர்கள். நீர் மட்டும் வடிந்துபோய்த் திடக்கழிவு உள்ளே குவிந்து இறுகிவிடும். தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பின் திறந்தால்தான் எல்லாம் ஒரே வேகத்தில் அடித்துக்கொண்டு போகும். தொட்டி அளவு காட்டும் விளக்குகள் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தாலே தவறாகக் காட்டும் என்பதால், நாட்கணக்கையும் மனத்தில் வைத்திருங்கள்.

மருந்து வாங்கும்போது ஃபார்மால்டிஹைடு இல்லாததாகப் பாருங்கள். அது சுத்திகரிப்புக்குத் தேவையான நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகிறது என்பதால் கலிபோர்னியா அதைத் தடை செய்திருக்கிறது. குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் ஈரத் துடைப்பான்களைக் கழிப்பறையில் போடவே கூடாது, ‘கழிப்பறையில் போடலாம்’ என்று அவற்றின் உறைமேல் எழுதியிருந்தாலும்கூட. 2021 ஜூலையில் ஹைப்பீரியன் நிலையத்தின் சல்லடைகள் குப்பையால் அடைபட்டு, கோடிக்கணக்கான லிட்டர் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் சான்டா மோனிகா விரிகுடாவில் கலந்து, அருகிலிருந்த கடற்கரைகள் மூடப்பட்டன. அவ்வளவு பெரிய நிலையத்தையே குப்பை அடைக்கும் என்றால், 3 அங்குலக் குழாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கேள்வி (அதே வாசகர்): வண்டியில் நம் சமையல் செய்யலாமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம். சோறு வடித்த கஞ்சியும் தாளித்த எண்ணெயும் கிரே வாட்டர் தொட்டிக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். அவை உள்ளே படிந்து புளித்தால் வரும் வாடை கழிப்பறை வாடையைவிட மோசமானது. கழுவும் முன் தட்டையும் வாணலியையும் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். கறிவேப்பிலை, கடுகு, பருப்புத் துகள்கள் தங்கும்படி கழுவுதொட்டியின் வாயில் சின்ன வலைச் சல்லடை ஒன்றை வையுங்கள்.

கேள்வி (டாலஸிலிருந்து ஒரு வாசகி): சொந்த ஆர்.வி. வைத்திருக்கிறோம். வீட்டு முற்றத்தில் சாக்கடைக் குழாயின் அடைப்பை நீக்குவதற்காக வைத்திருக்கும் திறப்பில், அதாவது கிளீன்அவுட்டில், காலி செய்யலாமா?

பதில்: அது பாதாளச் சாக்கடையோடு இணைந்திருப்பதால் பொறியியல் நோக்கில் தடையில்லை, சட்டம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. சில நகரங்கள் அனுமதிக்கின்றன, சில தடுக்கின்றன, வீட்டுமனைச் சங்கங்கள் தனி விதி வைத்திருப்பதும் உண்டு. நகராட்சியின் கழிவுநீர்த் துறையிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீடு செப்டிக் டேங்க் கொண்டதாக இருந்தால், ஒரே நேரத்தில் இவ்வளவு கழிவு மருந்தோடு சேர்ந்து இறங்குவது அதன் இயக்கத்தைக் கெடுக்கக்கூடும். அந்த நிலையில் அருகிலுள்ள முகாமுக்கு ஓட்டிச்சென்று கட்டணம் செலுத்திக் காலி செய்துவிட்டு வருவதே மேல்.