ஈழத்து ராணியும் சோழர் கல்வெட்டும்

கேள்வி: சோழர்கள் ஈழத்து ராணி ஒருவரைச் சிறைபிடித்தார்களாமே, யார் அவர்? (வாசகி, திருவையாறு)

பதில்: அநுராதபுர அரசின் கடைசி மன்னர் ஐந்தாம் மகிந்தனின் பட்டத்து ராணி. 1017-வாக்கில் ராஜேந்திர சோழன் படை ஈழத்தின் தென்பகுதியான ரோகணத்துக்குள் புகுந்து அவரையும் மணிமுடியையும் கைப்பற்றியது. காட்டுக்குள் ஓடிய மன்னரை, உடன்படிக்கை பேசலாம் என்று சொல்லி வரவழைத்துப் பிடித்தார்கள் என்கிறது இலங்கையின் பாலி வரலாற்று நூலான சூளவம்சம்.

சரி, நம் பக்கம் என்ன எழுதினார்கள்? டெல்டா கோயில் சுவர்களில் இருக்கும் ராஜேந்திரன் மெய்க்கீர்த்தியை (மன்னரின் வெற்றிகளைப் புகழும் கல்வெட்டுப் பாடல்) பாருங்கள், ‘ஈழத்தரசர்தம் முடியும் ஆங்கவர் தேவியர் ஓங்கெழில் முடியும்’ என்று வரும், கூடவே பாண்டியன் அங்கே விட்டுவந்த சுந்தர முடியும் இந்திரன் ஆரமும். எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான். முடிக்கு ‘ஓங்கெழில்’ என்று அடைமொழி தந்தவர்கள், அதை அணிந்திருந்தவரின் பெயரை எழுதவில்லை. சூளவம்சமும் பிடிபட்ட இடத்தில் ‘பட்டத்து ராணி’ என்று மட்டும்தான் சொல்கிறது. பெரிய அநியாயம்.

மகிந்தன் 12 ஆண்டுகள் சோழர் பிடியில் இருந்து 1029-ல் இறந்தார். மகன் காசியப்பனை ரோகணத்து மக்கள் சோழர் கண்ணில் படாமல் வளர்த்து, அப்புறம் விக்கிரமபாகு என்ற பெயரில் தலைவனாக ஏற்றார்கள்.